தாத்தா காரின் டேஷ்போர்டும் குற்றாலச் சாரலும்

டேஷ்போர்டு என்ற பேர் காரோடு வந்ததில்லை. குதிரை வண்டியோடு வந்தது. ஓடும் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பலகை நின்றுவிட்டது. அதில் மீட்டர் வந்தது, ரேடியோ வந்தது, எங்கள் தென்காசிப் பக்கம் பிள்ளையாரும் வந்து உட்கார்ந்தார். :)

எங்கள் வீட்டில் இருப்பது 1996 மாடல் அம்பாசிடர், ஐ.எஸ்.இசட். ரகம். இசுசு இன்ஜினோடு 1990களின் ஆரம்பத்தில் வந்தது. அதற்கு முன்பு டேஷ்போர்டின் நட்டநடுவில் இருந்த மீட்டர்களை இந்த ரகத்தில்தான் ஸ்டியரிங்குக்கு நேராக மாற்றினார்கள். கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்தக் காரைச் செய்துவந்த தொழிற்சாலை 2014 மே மாதம் மூடப்பட்டது. 2017-ல் அம்பாசிடர் என்ற பேரையே 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதனால் கம்பெனி பாகம் வாங்கி மாட்டலாம் என்ற பேச்சே இல்லை. இருப்பதைச் சரிசெய்தால்தான் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா கணக்குப் போட்டார். "உள்ள உக்காந்தா தும்மல் வருது, டேஷ்போர்டு பொடிப்பொடியா மடியில கொட்டுது. இதுக்குப் பத்தாயிரம் தெண்டமா?" என்றார். தாத்தா திண்ணையிலிருந்தே பதில் சொன்னார்: "ஏல, விக்கணும்னா வித்துக்கோ. எடைக்கு மட்டும் போட்டுராத." அதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் ஒரு மாசம் தவணை கேட்டேன். டேஷ்போர்டை உட்காரும்படி ஆக்கிவிட்டால் பதிவு, இல்லையென்றால் விற்பனை. அப்பா ஒப்புக்கொண்டார். பட்ஜெட் 3,000 ரூபாய்.

ஒரு டேஷ்போர்டு ஏன் கெடுகிறது? எங்கள் ஊரில் அதற்கு இரண்டு எதிரிகள். முதல் எதிரி வெயில். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. 38 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாட்களில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48 டிகிரிதான். ரெக்ஸின் என்று நாம் சொல்வது துணி மேல் பூசிய பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. பழைய காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒரு படலம் படியுமே, அதில் ஒரு பங்கு இதுதான். எண்ணெய் போன பின் ரெக்ஸின் சுருங்கும், விறைக்கும், வெடிக்கும்.

இரண்டாவது எதிரி சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. அதனால் ஆனி, ஆடியில் எங்களுக்குத் துணியே காயாது. கார் எப்படிக் காயும்? ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறவர்கள், எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்ளும் பெரியப்பாக்கள் எல்லாம் சேர்ந்து 20 சீசன். ரெக்ஸினுக்கு அடியில் இருக்கும் ஸ்பான்ஞ் பாலியூரித்தேன். தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் அது வேதியியல்படியே உடைந்து மாவாகிவிடும். அப்பா மடியில் கொட்டிய பொடி அதுதான். தும்மலுக்குக் காரணம் பூஞ்சை.

ஒரு பெரிய கடையில் விசாரித்தேன். 15,000 ரூபாய் சொன்னார்கள். அப்புறம்தான் தென்காசியில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த மாசம் செய்யப் போற தம்பி?"

"மாசியிலண்ணாச்சி."

"அப்ப செய்யி. சாரல்ல கம்மு போட்டா நிக்காது. அதோட, ஒட்டுறது கால் வாசி வேலைதான். உரிக்கிறதுதான் முக்கா வாசி. அதப் பாத்துக்கோ."

அவர் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. நான்கு சனி, ஞாயிறு ஆன வேலையில் மூன்று வாரம் உரிப்பதற்கும் காயவைப்பதற்குமே போனது. முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசைப்படியே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்தேன். பழைய ரெக்ஸினை ஹேர் டிரையரால் சூடுகாட்டி, ஓரத்திலிருந்து மெல்ல இழுத்தால் வருகிறது. மீதி கம்மை மழுங்கின பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினேன். தின்னர் ஊற்றினால் சீக்கிரம் போகும், ஆனால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் இளகிவிடும். பூஞ்சையை முகமூடி கட்டிக்கொண்டு வினிகரால் துடைத்து, மூன்று நாள் வெயிலில் வைத்தேன்.

உரிக்க உரிக்க மேலே காப்பிக் கலர், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் கம்பெனியின் கறுப்பு பிளாஸ்டிக். தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "பச்ச நான் ஒட்டுனது. காப்பிக் கலரு உங்க சித்தப்பன் கல்யாணத்துக்கு ஒட்டுனது" என்றார். இடுக்கில் ஒரு ஹேர்பின்னும் இரண்டு 25 பைசாவும் கிடைத்தன. 2011 ஜூனோடு செல்லாமல் போன காசு. ஆச்சி ஹேர்பின்னை வாங்கி வைத்துக்கொண்டாள். யாருடையது என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

வெடிப்புகளை எம்-சீல் வைத்து அடைத்து, ஒரு நாள் இறுகவிட்டு, 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 நம்பர் போட்டுத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் விரலுக்குத் தப்பாது. இங்கே விட்டது ரெக்ஸின் மேல் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஸ்பான்ஞ் மறுபடி வைக்கவில்லை. அது தண்ணீரை உறிஞ்சும் சாதி. அதற்குப் பதில் 3 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஷீட், செருப்பில் வருமே அந்த மாதிரி. அதன் அறைகள் மூடியவை, ஈரம் உள்ளே போகாது. குற்றாலத்துக்கு இதுதான் லாயக்கு.

கம் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை 10, 15 நிமிஷம் விட்டு, அப்புறம் அழுத்தும் வகைக் கம் இது. காத்திருக்கும் நேரத்தில் கரைப்பான் ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால், குளிர்ந்த பரப்பில் பனி மாதிரி நீர் படிந்துவிடும். கம் வெளுத்துப்போகும், பிடிக்காது. ஆடியில் ஒட்டியது ஆவணியில் உரிவது இதனால்தான். வாங்கும்போது சூடு தாங்கும் ரகமா என்று கேளுங்கள், 69 டிகிரியை மறக்க வேண்டாம். கதவெல்லாம் திறந்து வைத்து, பக்கத்தில் தீ இல்லாமல் செய்யுங்கள்.

ரெக்ஸினில் பின்னல் துணி வைத்தது கேட்டு வாங்கினேன். அது நாலு பக்கமும் இழுபடும், நெய்த துணி வைத்தது வளைவில் மடிப்பு விழும். தினத்தாளை டேஷ்போர்டு மேல் ஒட்டி, கோடு போட்டு, வெட்டி அளவு எடுத்தேன். தையல் மட்டும் அண்ணாச்சியின் மிஷினில். ஒட்டும்போது நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் நீவிக்கொண்டே போக வேண்டும். நிறம் பளபளப்பில்லாத கறுப்பு. தாத்தா மறுபடி பச்சை கேட்டார். வெளிர் நிறமோ பளபளப்போ முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும், மழையில் பாதை தெரியாது என்றதும் சரி என்றுவிட்டார். தையல் நூல் மட்டும் பச்சை.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் ஏர்பேக் உள்ள காரில் செய்யாதீர்கள். 2019 ஜூலை முதல் டிரைவருக்கும், 2021 ஏப்ரல் முதல் புது மாடல்களில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து ஆளின் ஏர்பேக் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியது. மேலே ரெக்ஸின் ஒட்டினால் அது வர வேண்டிய நேரத்தில் வராது.

செலவுக் கணக்கு: ரெக்ஸின் 2 மீட்டர் 900, ஈ.வி.ஏ. ஷீட் 350, கம் 420, எம்-சீலும் உப்புத்தாளும் 170, தையல் கூலி 800. மொத்தம் 2,640 ரூபாய். பெரிய கடை சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து தடவிப் பார்த்தார், தும்மவில்லை. மறுவாரம் பத்தாயிரத்தைக் கட்டினார். இன்னும் 5 வருஷம் வண்டி வீட்டில் இருக்கும்.

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. பின்னாளில் கோயிலில் குறை வந்தால் அதைத் திருத்துகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்து அதில் வருகிறது. 15ஆம் நூற்றாண்டு ராஜாவுக்கே தெரிந்திருக்கிறது, கட்டியவரை ஊர் கொண்டாடும், பழுது பார்ப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை என்று. அண்ணாச்சியின் கடையில் இப்போது அவர் ஒருவர்தான், கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை. உங்கள் வீட்டுக் காரோ சோபாவோ கிழிந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் இப்படி ஒரு கடையில் கேட்டுப் பாருங்கள். ஆடி மாசம் வேண்டாம், மாசியில் போங்கள்.