சிறு வடக்குச் சாலை

குவாங்சௌ நகரத்தை நம் பெரியவர்கள் காண்டன் என்ற பெயரால் அறிவார்கள். தென் சீனத்தில் முத்து நதியின் கரையில் அமைந்த துறைமுக நகரம் அது. 1957 முதல் ஆண்டுதோறும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே பெரும் வணிகச் சந்தை கூடுகிறது. ஜவுளி வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் இருவரும் 2024 அக்டோபரில் அச்சந்தைக்குச் சென்றோம். டில்லியிலிருந்து அப்போது நேர் விமானம் இல்லாமையால் பாங்காக் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சந்தையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்நகரில் வாழும் ஆப்பிரிக்க மக்களைப் பற்றியே வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நகரின் நடுப்பகுதியில் ஷியாவ்பெய் என்றொரு வட்டாரம் உண்டு. 'சிறு வடக்கு' என்பது அப்பெயரின் பொருள். சுரங்க ரயிலிலிருந்து மேலேறி வந்தால் சீன எழுத்தோடு அரபு எழுத்தும் பிரெஞ்சும் கலந்த பெயர்ப் பலகைகள் தென்படுகின்றன. தியன்ஷியூ என்னும் உயர்ந்த கட்டடத்தின் கீழ்த் தளங்கள் முழுவதும் சிறு கடைகள்: ஜீன்ஸ், செருப்பு, கைப்பை, சவுரி முடி, கைப்பேசி. விற்பவர் சீனர், வாங்குபவர் மாலி, கினி, காங்கோ, நைஜீரியா நாட்டவர். இருவருக்கும் பொதுவான மொழி கால்குலேட்டர். ஒருவர் ஓர் எண்ணை அழுத்திக் காட்டுகிறார். மற்றவர் தலையசைத்து வேறோர் எண்ணை அழுத்துகிறார். கால் மணி நேரத்தில் ஒரு சொல்லும் பேசாமல் நூறு மூட்டை கைமாறுவதைக் கண்டோம்.

இவர்கள் இங்கே வந்த வரலாறு நீண்டதன்று. 1997 இல் ஆசிய நாடுகளில் ஏற்பட்ட பணநெருக்கடிக்குப் பின், பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் கொள்முதல் செய்துவந்த ஆப்பிரிக்க வணிகர் சிலர் குவாங்சௌவை நாடினர். 2001 இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் கூட்டம் பெருகிற்று. உள்ளூர் மக்களும் பத்திரிகைகளும் இவ்வட்டாரத்துக்கு 'சாக்லேட் நகரம்' என்று பெயர் சூட்டினர். வேடிக்கையாகச் சூட்டிய பெயர்தான். ஆயினும் அப்பெயரால் அழைக்கப்படுபவர்களைக் கேட்டுச் சூட்டியதன்று.

சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நைஜீரிய அன்பர் ஒருவருடைய நட்பு கிடைத்தது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2006 இல் வந்தவர். மனைவி ஹூனான் மாகாணத்துப் பெண். பத்து வயதில் ஒரு மகள். தேநீர் கொடுத்து உபசரித்துத் தம் வாழ்க்கையை ஒளிவின்றிச் சொன்னார்.

"முதல் ஆண்டில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒரு சொல்" என்றார். சீனர்கள் பேச்சில் தடுமாறும்போது 'நெய்கே, நெய்கே' என்பார்கள். 'அது' என்று பொருள். நாம் 'வந்து, வந்து' என்று இழுப்பதைப் போன்றது. அவர் காதிலோ ஆங்கிலத்தில் கருப்பரை இழிக்கும் சொல்லாக அது விழுந்ததாம். பொருள் தெரிந்தபின் அவரே சிரித்துவிட்டார். ஆனால் காண்டன் பேச்சில் 'கருப்புப் பேய்' என்று பொருள்படும் சொல்லும் ஒன்று உண்டு. அதைக் கேட்கும்போது சிரிக்க முடிவதில்லை என்றார். ரயிலில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். குழந்தைகள் அவர் கையைத் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். முகம் மலரச் சிரிக்கும் கருப்பர் படத்துடன் 'கருப்பர் பற்பசை' என்ற பெயரிலேயே அந்நாட்டில் ஒரு பற்பசை நெடுங்காலம் விற்றது. 2022 இல்தான் அந்தச் சீனப் பெயரை மாற்றினார்கள்.

"இவையெல்லாம் கொசுக்கடி. சட்டம்தான் தூங்க விடாது" என்றார். அந்நியர் எவரும் வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். சீனப் பெண்ணை மணந்தவருக்குக் குடும்பத்தோடு தங்க அனுமதி உண்டு. அந்த அனுமதியில் வேலை செய்யும் உரிமை அடங்காது. ஆகவே கடை மனைவியின் பெயரில் இருக்கிறது. மகள் சீனக் குடிமகள். இரட்டைக் குடியுரிமையைச் சீனா ஏற்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் குடியிருக்கின்றன. 2009 ஜூலையில் அனுமதிச் சீட்டுச் சோதனைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த நைஜீரியர் ஒருவர் படுகாயமுற்றார். நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் காவல் நிலையத்தின் முன் திரண்டனர். அன்று அக்கூட்டத்தில் தாமும் நின்றதாகச் சொன்னார்.

பிறகு 2020 ஏப்ரல் மாதத்துக்கு வந்தார், குரல் தாழ்ந்தது. அவ்வட்டாரத்தில் நைஜீரியர் சிலருக்குக் கொரோனா கண்டதும், நகராட்சி அங்கிருந்த ஆப்பிரிக்கர் அனைவரையும் சோதித்தது. 4,553 பேர் என்று அதிகாரிகளே அறிவித்தனர். பல மாதங்களாக ஊரைவிட்டு நகராதவர்களும் தனிமையில் அடைக்கப்பட்டனர். வாடகை கொடுத்திருந்தும் பலர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஹோட்டல்கள் கதவை மூடின. பெட்டியைத் தலைக்கு வைத்து நடைபாதையில் உறங்கினார்கள். உணவகம் ஒன்றில் கருப்பருக்கு இடமில்லை என்று அறிவிப்பே வைத்தார்கள். பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். பெய்ஜிங்கிலிருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் கூடிச் சீன வெளிநாட்டமைச்சருக்குக் கடிதம் எழுதினர். மே மாதத் தொடக்கத்தில், நிறம் பார்த்து எவரையும் விலக்கலாகாது என்று மாகாண அரசு ஆணை பிறப்பித்தது.

"உங்கள் வீட்டுக்காரர்?" என்று கேட்டோம்.

"பதினான்கு ஆண்டு வாடகை வாங்கியவர். அன்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, 'அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். நான் என்ன செய்ய?' என்றார். என் மனைவி அழுது மன்றாடியதால் எங்களை விட்டுவிட்டார். எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் பாட்டி மட்டும் இரண்டு வாரம் சோற்றுப் பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டுப் போனாள். இன்றும் அவளிடம்தான் சாப்பிடுகிறேன்."

அப்போது பள்ளி விட்டு மகள் வந்தாள். எங்களைக் கண்டு 'சுக்சுக்' என்று வணங்கினாள். தந்தையின் தம்பியை அழைக்கும் சொல் அது, நம் சித்தப்பாதான். அவளுக்குத் தெரிந்த ஊர் குவாங்சௌ ஒன்றே. ஆயினும் தெருவில் நாள்தோறும் யாரேனும் ஒருவர், "நீ எந்த ஊர்?" என்று கேட்கிறார்களாம். "இந்த ஊர்" என்று காண்டன் மொழியில் சொன்னால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்கிறார்களாம். நம் பிள்ளைகளைப் பார்த்து டில்லியில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்!

சீனத் துறைமுகத்தில் அந்நியராக இருப்பது தமிழருக்கும் புதிதன்று என்று அவரிடம் சொன்னோம். சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சீனப் பேரரசரின் நலன் கருதி அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறுகிறது. அவர் ஆர்வத்தோடு கேட்டார். பிறகு, "அந்தக் காலம் இருக்கட்டும். என் தம்பி மகன் டில்லியில் படிக்க விரும்புகிறான். உங்கள் தெருவில் அவனுக்கு வீடு கொடுப்பார்களா?" என்று கேட்டார்.

எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. 2014 ஜனவரியில் டில்லி கிர்கியில் நள்ளிரவில் ஆப்பிரிக்கப் பெண்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டதும், 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டா வணிக வளாகத்தில் நைஜீரிய மாணவர்களை அடித்ததும் நினைவுக்கு வந்தன. அவற்றை மறைக்காமல் சொன்னோம். அவர் வருந்தினாரேயன்றி வியக்கவில்லை. "முகவரி கொடுங்கள், வந்தால் முதலில் உங்களைப் பார்க்கட்டும்" என்றார். கொடுத்துவிட்டு வந்தோம்.

நம் பெற்றோர் இந்நகருக்கு வந்த நாளில், 'மதராஸி' என்ற ஒரு சொல்லால் தெற்கத்தியர் அனைவரையும் அடக்கி, வாடகைக்கு அறை மறுத்த கதைகளை நம் இல்லங்களில் இன்றும் சொல்கிறோம். இன்று நம்மவர் பலர் மாடி வீட்டை வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்திருக்கிறோம். தரகர் தொலைபேசியில், "ஆப்பிரிக்க மாணவர், கொடுப்பீர்களா?" என்று கேட்டால், 'அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ' என்ற விடைதான் நம் வாயிலும் முதலில் வருகிறது. குவாங்சௌ வீட்டுக்காரர் சொன்னதும் இதுவே. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு வரக்கூடும். அவனுக்கு அறை தேடும் பொறுப்பை ஏற்றிருக்கிறோம். வாசகர்களில் எவரேனும் மனமுவந்து ஓர் அறை தர முன்வந்தால், சங்க அலுவலகத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.