அம்மைக்குப் புத்தி தடுமாறவில்லை

அம்மைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டியவன் நான். எந்த டாக்டரும் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அதுவும் அவள் காதுபட, சொந்தக்காரர்கள் நடுவில்.

தீயலில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்து யாரு என்று கேட்டாள். பேப்பரை விரித்து வைத்தால் பக்கம் திருப்புவதில்லை. மார்கழித் தேரோட்டத்துக்கு சுசீந்திரம் கூப்பிட்டால் வேண்டாம் என்பாள். ஒருநாள் அந்தியில், "முற்றத்துல பட்டுப்பாவாடை கட்டின பிள்ளையோ நிக்குது மக்கா, சத்தமே இல்ல. நெசமில்லேண்ணு தெரியுது, ஆனாலும் நிக்குது" என்றாள். நெசமில்லை என்று தெரிகிறது என அவளே சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

மறுநாளே அலமாரிச் சாவியை அவளிடமிருந்து வாங்கினேன். அடுக்களைக்குள் விடவில்லை. வயல் குத்தகைக் கணக்கைச் சொல்வதையும் நிறுத்தினேன். மறதிக்காரி என்று ஆகிவிட்டால் அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சௌகரியம் எனக்குப் பிடித்திருந்தது.

ஞாபகப் பரிசோதனைக்கும் கூட்டிப்போனேன். தாளில் எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்ய வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். இரண்டும் முடியவில்லை. அவள் தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் தெரியாதவர்களுக்கென்று 'மோகா' என்ற இன்னொரு ஞாபகப் பரிசோதனையில் தனி வடிவமே உண்டு. அம்மைக்குச் சரியாகக் கண் தெரியவில்லை என்று அங்கே சொல்ல வேண்டியது கூடப்போன மகன்தான்.

பிறகு கண் டாக்டரிடம் காட்டியபோது, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முற்றத்தில் தெரிந்த பிள்ளைகளைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். கண்ணிலிருந்து வரத்து குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காது, தானாகவே உருவங்களை உண்டாக்கும். ஜெனீவாக்காரர் சார்லஸ் பானெட், பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-இலேயே எழுதிவைத்திருக்கிறார். தாத்தாவின் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. காண்பது நிஜமல்ல என்று காண்பவருக்கே தெரிவதுதான் இதன் அடையாளம்.

அதன் பிறகுதான் தேடித்தேடி வாசித்தேன். சியாட்டிலில் 65 வயது கடந்த, புரையோ கண் நீரழுத்தமோ இருந்த 3,038 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வந்தது ஏறக்குறைய 30% குறைவு. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவை, மறதிநோய்க்கான, மாற்ற முடிகிற 14 காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சேர்த்தது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள்: மூளைக்கு வேலை குறைகிறது, தட்டுத்தடுமாறிப் பார்ப்பதிலேயே கவனமெல்லாம் செலவாகிறது, ஆள் தனித்துப்போகிறார். அம்மையைத் தனித்துப்போக வைத்தது நான்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். தூரத்தையோ பணத்தையோ நான் காரணம் சொல்ல முடியாது.

அறுவைக்குப் பிறகு முற்றத்துப் பிள்ளைகள் வரவில்லை. பேர் மறப்பது கொஞ்சம் இருக்கிறது. எல்லாம் கண்ணால் வந்ததென்று சொல்லமாட்டேன். பேப்பர் வாசிக்கிறாள், குத்தகை நெல் எவ்வளவு வந்தது என்று கேட்கிறாள். சாவியை நீட்டினேன். "நீயே வச்சுக்கோ" என்றுவிட்டாள்.

கொடைக்கு வந்த மதினி, பச்சைப்பிள்ளையிடம் கேட்பதுபோல், "நான் யாருண்ணு சொல்லுங்க பாப்போம்" என்று அவளிடம் கேட்டாள். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது என் வாய். பறக்கையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு மட்டும் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறேன். மற்ற வீடுகள் பாக்கி.