ஊற்றிய ஆயில் எங்கே போனது?

அன்புள்ள ஹைட்ராலிக் கிளச்சுக்கு,

வடலூரிலிருந்து எழுதுகிறேன். உன் உள்பாகங்களை மாற்றி இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. கழற்றிய பழைய பிஸ்டனும் ரப்பர் சீலும் என் மேசைமேல் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. உனக்குப் பட்ட கடன்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளச்சே, முதல் கடன் என் இடது கை பட்டது. நீ வருமுன் இருபது வருடம் கேபிள் கிளச் பிடித்துக் காய்த்த கை அது. தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க எங்கள் ஊர் ஞானசபைக்கு வரும் ஜனத்துக்கு நடுவே, பாதிக் கிளச்சில் வண்டியை ஊர வைத்து வீடு வந்து சேர்ந்தால், ராத்திரி தண்ணீர்ச் செம்பைத் தூக்கக்கூட மணிக்கட்டு மறுக்கும். தம்பி வெளிநாடு போகும்போது தன் பெரிய வண்டியை என்னிடம் விட்டுப் போனான். அதில் நீ இருந்தாய். முதல் நாள் லீவரைத் தொட்டதும், கேபிள்தான் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். அவ்வளவு லேசு! அன்றிலிருந்து இரண்டு விரல் போதும் எனக்கு.

கிளச்சே, என் அப்பாவின் வேலையை எனக்குப் புரியவைத்ததும் நீதான். நெய்வேலி முதல் சுரங்கத்தில், 1957-ல் நேரு வந்து தொடங்கி வைத்த அதே சுரங்கத்தில், நிலத்தடி நீர் இறைக்கும் பம்புகளோடு காலம் கழித்தவர் அவர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத் தரை பிளக்காமல் நிற்கும். "தண்ணிய அமுக்கி வெக்க முடியாதுடா, அது போறதுக்கு வழிதான் விடணும்" என்பார். எனக்கு அது அப்போது பாடமாகவே படவில்லை. இப்போது நான் லீவரைப் பிடிக்கிறேன், கைப்பிடி ஓரத்து மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன பிஸ்டன் நகர்கிறது, அது தள்ளிய ஆயில் ஹோஸ் வழியே இறங்கி, எஞ்சின் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிளேட்டுகள் விலகுகின்றன. அப்பா சொன்ன அமுங்காத தண்ணீரை நான் தினமும் இரண்டு விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கிளச்சே, உன் மௌனத்துக்கும் நான் கடன்காரன். அதில்தான் ஏமாந்தும் போனேன். கேபிள் புலம்பும். லீவர் கனக்கும், ப்ளே கூடும், நட்டைத் திருகச் சொல்லும், ஒவ்வொரு இழையாகப் பிய்ந்து காட்டிவிட்டுத்தான் அறும். பிளேட் தேயத் தேய நீயோ உன்னை நீயே சரிசெய்துகொண்டாய். கேட்காத பிள்ளைக்குப் பால் ஏது? நான்கு வருடம் உன் ஆயில் கிண்ணத்தின் மூடியைக்கூட நான் திறக்கவில்லை. அந்த ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வண்டிப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் பீரோவில் இருந்தது.

கிளச்சே, ஒருநாள் அந்தக் கிண்ணத்தின் கண்ணாடியில் ஆயில் அளவு குறைந்து தெரிந்தது. டிஸ்க் பிரேக்கில் பேட் தேய்ந்தால் ஆயில் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. அதே கணக்கை உனக்கும் போட்டேன். மேலே ஊற்றி மூடினேன். உன் கணக்கு தலைகீழ் என்று எனக்குத் தெரியாது. நம் வண்டியில் பிளேட் தேய்ந்தால் ஸ்லேவ் பிஸ்டன் பின்வாங்கும், ஆயில் மேலே ஏறும். ஆகவே இறங்கினால் எங்கோ கசிகிறது என்றே பொருள். நீ வாயைத் திறந்து சொன்ன ஒரே சொல் அது. அதை நானே ஊற்றி அடைத்தேன்.

கிளச்சே, நான்கு ரோட்டுச் சந்திப்பில் நீ என்னைக் காப்பாற்றியதை மறக்கமாட்டேன். முன்னால் ஒரு டிப்பர் லாரி. லீவரை முழுக்கப் பிடித்தபடிதான் நிற்கிறேன், வண்டி மெல்ல மெல்ல லாரியின் பின்பலகையை நோக்கி ஊர்கிறது. நியூட்ரல் விழவில்லை. பதறி லீவரை விட்டு விட்டு இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது பிடியில் கடைசித் தெம்பைத் திரட்டி நீ பிளேட்டை விலக்கினாய்.

கிளச்சே, அன்று மாலை உன்னைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "கொறஞ்சத ஊத்திட்ட, சரி. ஊத்தினது எங்க போச்சுன்னு பாத்தியா?" நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாய் மாட்டிப் பழைய ஆயிலை இறக்கினார், கடுங்காப்பி நிறத்தில் குமிழி குமிழியாக வந்தது. புது ஆயில் விட்டு ஏர் எடுத்ததும் லீவர் கல் மாதிரி நின்றது. "இத்தோட போச்சுன்னா சந்தோஷம். திரும்ப வந்துச்சுன்னா ஏர் மேல பழி போடாத" என்றார். பத்தாம் நாள் திரும்ப வந்தது.

கிளச்சே, உன்னைத் திறந்த அந்த அரைமணி நேரத்தில் எப்போது மாற்றுவது என்ற பாடத்தைக் கற்றேன். லீவர் அடியில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல், பிடித்திருக்கும்போதே லீவர் மெல்ல உள்ளே போனாலும் சந்தேகம் மாஸ்டர் மேல்தான். எஞ்சின் ஓரம் நனைந்தால் ஸ்லேவ். நம்முடையது ஸ்லேவ், செயின் எண்ணெயும் சாலைப் புழுதியும் சேறாய்க் குழைந்து அதன்மேல் அப்பியிருந்தன. துடைத்துவிட்டு, சிலிண்டரின் உள்சுவரில் என் சுண்டுவிரல் நகத்தை ஓட்டச் சொன்னார் அண்ணன். வழுக்கிக்கொண்டே போனால் சீல் மட்டும் மாற்றினால் போதுமாம். பாதி வழியில் நகம் தட்டி நின்றது. ஈரம் அரித்த குழி. அந்தக் குழி எத்தனை புது சீல் போட்டாலும் கிழித்துவிடும். சிலிண்டரோடுதான் மாற்ற வேண்டும். ஹோஸ் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "ரப்பருக்குக் கிலோமீட்டர் கிடையாது தம்பி, வயசுதான்" என்று அதையும் கழற்றினார்.

கிளச்சே, எங்கள் ஊர்த் தருமசாலை அடுப்பு எனக்குப் புரிந்ததும் அதற்குப் பிறகுதான். 1867-ல் வள்ளலார் மூட்டியது, இன்றுவரை அணையவில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஏதோ அணையாத நெருப்பு என்றே நினைத்திருந்தேன். போன வாரம் அங்கே பந்தியில் உட்காரப் போனபோது கண் அடுக்கியிருந்த விறகின்மேல் போயிற்று. ஒரு கட்டை எரிந்து தீருமுன் அடுத்த கட்டையை யாரோ தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக.

கிளச்சே, மூடியின் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். இந்தத் தைப்பூசம் விட்டு அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் புது ஆயில். நீ கேட்கமாட்டாய். நானே வருவேன்.

இப்படிக்கு,
உன் இடது கை