முகத்துக்குப் பின்னால்

பின்னணியில் போடும் பூவின் அளவு, படத்தில் இருப்பவரின் கண் அளவுக்கு வந்துவிட்டால் ஆல்பத்தின் அந்தப் பக்கம் கெட்டது. பார்க்கிறவரின் பார்வை முகத்தில் நிற்காது, பூவுக்குப் பூ தாவும். பொட்டைவிடச் சிறியதாக இருந்தால் நெசவாக அடங்கிக் கிடக்கும். தலையைவிடப் பெரியதாக இருந்தால் சுவராகிப் பின்னுக்குப் போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுதான் வம்பு. விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் டிசைன்களில் பெரும்பாலானவை அந்த அளவில்தான் இருக்கின்றன.

வடலூர் நாலு ரோட்டில் நின்றால் கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, கும்பகோணம் என்று நாலு திக்கும் பஸ் போகும். அந்த நாலு திக்கிலிருந்தும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுப் படங்கள் என்னிடம் வந்து சேரும். மண்டபத்தில் எடுத்த படம் என்றால் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, ஏர்கூலர், பந்திக்குக் கிளம்பும் பெரியப்பா எல்லாம் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு அங்கே கொடியோ கட்டமோ பூவோ வைப்பது என் வேலை.

முன்பு இதைத் துணியில் செய்தார்கள். தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து எண்ம வடிவில் சேர்த்துவைத்திருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் காலத் திரைகளை உற்றுப் பார்க்க வேண்டும். நல்ல ஓவியர் தூணுக்குக் கூர்மையான ஓரம் கொடுப்பதில்லை, லேசாகக் கலங்கவிடுவார். முழுக் கறுப்புக்கும் போகமாட்டார், முழு வெள்ளைக்கும் போகமாட்டார், நடுச்சாம்பலிலேயே நிற்பார். கறுப்பைத் தலைமுடிக்கும் வெள்ளையை வேட்டிக்கும் ஒதுக்கிவைத்த கணக்கு அது. இன்று ஃபோட்டோஷாப்பில் லெவல்ஸ் திறந்து, அவுட்புட் பட்டையில் பின்னணியின் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நான் உள்ளே தள்ளும்போது அந்தத் திரைக்காரரின் கணக்கைத்தான் போடுகிறேன்.

ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் அடுக்கும் வசதி 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. லேயர் இல்லையென்றால் எங்கள் பிழைப்பே இல்லை. டிஜிட்டல் கேமராவும், பக்கம் முழுக்க அச்சிடும் கரிஷ்மா ஆல்பமும் வந்தபோது ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. 36க்கு 12 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 10,800க்கு 3,600. அவ்வளவு பெரிய வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? டிவிடி டிவிடியாக பி.எஸ்.டி. டிசைன்கள் விலைக்கு வந்தன. எல்லாம் இதயங்கள், ஐரோப்பியச் சுருள் இலைகள். வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. ஒற்றை நிற கவுனுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் அதே சுருள் இலை, கோர்வைக் கரை போட்ட காஞ்சிப் பட்டுக்குப் பின்னால் வந்தால் மல்லுக்கு நிற்கிறது. நம் மணப்பெண் முந்தி, ரவிக்கைக் கை, ஆரம், ஒட்டியாணம் என்று உடம்பிலேயே இத்தனை வேலைப்பாட்டோடு வருகிறாள். பின்னணி வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் அது.

அதனால்தான் கோலத்துக்கு வந்தேன். பெருமைக்காக இல்லை. கோலத்தில் கோடு ஒரே பருமன், நிறம் ஒன்று, வெற்றிடம் தாராளம். புடவையோடு சண்டைக்குப் போகாது.

நேர்ப்புள்ளிக் கோலம் என்றால் வேலை சுலபம். சதுரமாக ஓர் அலகை வெட்டி, பேட்டர்னாகச் சேமித்து, தாள் முழுக்க ஊற்றலாம். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் ஆஃப்செட் போட்டுப் பார்க்க வேண்டும். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தினால் நாலு ஓரமும் நடுவில் வந்து சிலுவையாகக் கூடும். வெளியே ஒளிந்திருந்த தையல் அப்போது கண்முன் நிற்கும். கோடு ஒரு பிக்சல் விலகியிருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடலாம். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஜிம்ப் இருக்கிறது, அதிலும் இந்த ஆஃப்செட் உண்டு. ஃபோட்டோஷாப் 2021இலிருந்து பேட்டர்ன் ப்ரிவியூ என்ற வசதி, வரையும்போதே நாலு பக்கமும் திரும்பவரும் வடிவத்தைக் காட்டிவிடுகிறது. சௌகரியம்தான். ஆனாலும் தொழில் பழகுகிறவர் முதலில் ஆஃப்செட்டிலேயே பழகட்டும் என்பேன். தையலைக் கையால் சரிசெய்யாதவருக்கு அது எங்கே விழும் என்ற முன்யோசனை வருவதில்லை.

ஊடுபுள்ளிதான் படுத்தும். ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளியில் உட்காருவதால் அலகு சதுரமாகாது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே தூரம் வேண்டுமென்றால் அகலம் 1 என்றால் உயரம் 1.732 வரும். கணினிக்கு அரைப் பிக்சல், கால் பிக்சல் பிடிக்காது. பின்னமாக வெட்டினால் ஊற்றியபின் தாள் நெடுக மயிரிழைக் கோடு ஓடும். 56க்கு 97 பிக்சல் என்று வைத்தால் விகிதம் ஏறக்குறையச் சரியாக உட்காருகிறது. பெரிதாக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். வாசலில் கோலம் போடுகிற அக்காள் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே முடித்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார். சிறிய அலகை விதிப்படி அடுக்கிப் பெரிய கோலமாக வளர்ப்பதை, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து 1974இலேயே கணினி இலக்கணமாக எழுதி வெளியிட்டார். எங்களூர்ப் பக்கம் பேட்டர்ன் என்ற சொல் வருவதற்கு எவ்வளவோ முன்னால்.

கோலம் சலித்தால் குறிஞ்சிப்பாடிக் கைலி இருக்கிறது. தறியில் வரும் கட்டம் பிறக்கும்போதே திரும்பத் திரும்ப வருவது. சிரமம் வேறிடத்தில். துணியைப் படமெடுத்தால் ஒரு பக்கம் வெளிச்சம் கூடியிருக்கும். அதை அப்படியே அடுக்கினால், நெய்தவர் போடாத இன்னொரு பெரிய கட்டம் தாளில் தெரியும். ஹைபாஸ் ஃபில்டர் போட்டு அந்த வெளிச்ச ஏற்றத்தாழ்வைக் கழித்த பிறகுதான் அடுக்க வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழத்தோலையும் இப்படிப் பயன்படுத்தலாம். பெயரைச் சொல்லாமல் காட்டினால் வாடிக்கையாளர் ரசிப்பார். சொல்லிவிட்டால் வேண்டாம் என்பார்.

வெட்டி ஒட்டியது தெரிவது பெரும்பாலும் மல்லிகைச் சரத்தில்தான். பூவின் ஓரத்தில் மண்டபத் திரையின் சிவப்போ பச்சையோ ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஓரத்தை மட்டும் புதுப் பின்னணியின் நிறத்துக்குச் சாய்க்க வேண்டும். முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கமே பின்னணியிலும் சற்று வெளுத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு அழகான கொடியை வைத்தாலும் ஆள் அட்டைப்படமாகத்தான் நிற்பார்.

இந்த ஊரின் கடினமான படம் வள்ளலாருடையது. சென்னையிலிருந்து வந்த படக்காரர் எட்டு முறை முயன்றும் அவருடைய வெண்ணிற ஆடை மட்டுமே பதிந்தது என்பது சன்மார்க்க அன்பர்களிடையே வழங்கிவரும் செய்தி. அந்த வெள்ளாடைதான் இன்று எங்களையும் சோதிக்கிறது. வெளிர்ப் பின்னணி வைத்தால் முக்காடு கரைந்துபோகும். அடர் பின்னணி வைத்தால் கத்தரித்து ஒட்டிய காகிதமாகத் தெரியும். நடுத்தரச் சாம்பல் நீலத்தில், மெல்லிய சிக்குக் கோலத்தை மல்ட்டிப்ளையில் பதினைந்து இருபது சதவீதத்துக்குமேல் போகாமல் வைத்தால் துணியின் மடிப்பு தப்பிக்கும்.

ஆனால் தைப்பூச பிளெக்ஸ் கேட்டு வருகிறவர்களுக்குச் சாம்பல் நீலம் ஆகாது. வள்ளலார் இங்கே கட்டிய சத்திய ஞான சபையில் 1872 ஜனவரி 25 அன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகளைத் தைப்பூசத்தன்று விலக்கித்தான் ஜோதியைக் காட்டுவார்கள். "ஏழு கலரும் வந்துடணும் தம்பி, நடுவுல அய்யா, கீழ எங்க ஆளுங்க" என்பார்கள். ஏழையும் பரப்பினால் அய்யாவும் தெரியமாட்டார், ஆளுங்களும் தெரியமாட்டார்கள். ஓரத்தில் புடவைக் கரை அகலத்துக்கு ஏழு பட்டையாக நெருக்கி, ஒவ்வொன்றிலும் அதே கோலத்தை ஓடவிட்டு, நடுவைக் காலியாக விடுவேன். பிளெக்ஸை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் ஆல்பத்துக்கு வைத்த மெல்லிய கோடு அங்கே எடுபடாது. கோட்டை மூன்று நாலு மடங்கு தடிப்பாக்க வேண்டும். "மஞ்சள் இன்னும் ஏத்துங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். பிளெக்ஸ் அச்சில் மஞ்சள் திரையில் தெரிவதைவிடக் கனத்துத்தான் விழும். அதனால் அவர்கள் முன்னால் ஏற்றிக் காட்டிவிட்டு, அச்சுக்கு அனுப்பும் ஃபைலில் இறக்கிவிடுவேன். பேனர் கட்டிய பிறகு, கேட்ட மஞ்சள் வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.