கவசமும் கமக்காரரும்

சென்ற தவணையில் ஒருநாள், பத்தாம் வகுப்பில் 'ஊர்தி' என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தோம். தேரும் ஊர்தி, பேருந்தும் ஊர்தி, வானத்திற் செல்வது வானூர்தி என்று சொல்லி, ஹெலிகொப்டரைத் தமிழில் உலங்கு வானூர்தி என்பர் என்றும் கரும்பலகையில் எழுதினோம். உலங்கு என்றால் கொசு என்று பொருள் கூறியபோது மாணவர் சிரித்தனர். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சேர், ஹெலியைச் சாதாரண துவக்காலை சுட்டு விழுத்தலாமோ? கேமிலையெண்டால் விழுத்தலாம்."

வகுப்பு மீண்டும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேட்டவன் 2009இல் போர் முடிந்த பின்னர் பிறந்தவன். அவன் கண்ட ஹெலி கைத்தொலைபேசித் திரையிற் பறப்பது; அது விழுந்தால் ஆடுபவனுக்குப் புள்ளிகள் கூடும். விழுத்தலாம், அதுபற்றிப் பிறகு சொல்வோம் என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். பிறகு சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

1995ஆம் ஆண்டு சித்திரையில் போர் மீண்டும் மூண்டபோது எமக்கு ஏழு வயது. எமது ஊராகிய புத்தூர் செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் வாழையும் இறைப்பை நம்பி வளர்ந்தன. அவற்றை நம்பி மனிதர் வாழ்ந்தனர். குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில், கொழும்பு விலையைப் பன்மடங்கு விஞ்சிய விலைக்கு விற்றது. ஓர் இறைப்புக்கு வேண்டிய எண்ணெயைச் சேர்ப்பதற்கு ஒரு குடும்பம் வீட்டுப் பொருளொன்றை விற்க நேர்ந்ததும் உண்டு.

வானத்து ஒலிகளை நாம் அரிச்சுவடியோடு சேர்த்தே கற்றோம். பொம்பர் குத்தி இறங்கும் இரைச்சல் வேறு. சகடை மெல்ல உறுமிக்கொண்டு வரும் ஒலி வேறு. ஹெலி ஒன்றுதான் ஊரின்மேல் நின்று பார்ப்பது. அது சுடும்போது வெற்றுக் கோதுகள் ஓட்டுக்கூரையிற் சலசலத்து விழும். அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது எம் வயதினர்க்கு விளையாட்டு.

ஒருநாட் காலை ஹெலி ஒன்று பனைவட்டுக்களை உராய்வதுபோலத் தாழப் பறந்து வந்தது. நாம் பதுங்குகுழியின் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அயல் ஒழுங்கையில் எங்கோ துவக்குகள் வெடித்தன. ஹெலி துணுக்குற்றதுபோலச் சரிந்தது. பின்னர் வாலைத் திருப்பிக்கொண்டு விலகியது.

"ஹெலி ஓடுது!" என்று கைகொட்டினோம்.

அப்பாச்சி எமது தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "ஓடேல்லை மோனை, மேலை போகுது. உள்ளுக்கை வா."

மேலே போனது திரும்பி வந்தது. இம்முறை துவக்குச் சூட்டுக்கு எட்டாத உயரத்தில் நின்று, ஒழுங்கையையும் அதன் இருமருங்கிலுமிருந்த தோட்டங்களையும் சேர்த்துச் சுட்டது. சுட்டவர் எவரும் அப்போது அங்கே இல்லை. இரண்டு தோட்டம் தள்ளி, வெங்காயப் பாத்திகளுக்கு நீர் மாறிக்கொண்டிருந்த ஒரு கமக்காரர் இருந்தார். இறைப்பு இயந்திரத்தின் ஓசையில் ஹெலியின் ஓசை அவருக்குக் கேட்டிராது என்றனர் சிலர். கேட்டிருக்கும், எண்ணெய் ஊற்றி ஓடவைத்த இயந்திரத்தை நிறுத்த மனம் வந்திராது என்றார் அப்பாச்சி. ஊரார் சென்று பார்த்தபோது இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். வாய்க்காலை மாற்றிவிட ஆளின்றி, நீர் ஒரே பாத்தியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம்.

பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்த பின்னர், போர் பற்றிய நூல்களைப் படிக்கும் போதெல்லாம் அப்பாச்சியின் சொல் எம்முடன் கூடவே வந்தது. ஹெலி ஏன் மேலே போயிற்று?

அது அஞ்சிற்று. அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. ஹெலியைத் தாங்குவது தலைக்கு மேற் சுழலும் பெருவிசிறி. அவ்விசிறி ஒருபுறம் சுழல, உடல் மறுபுறம் சுழல முற்படும். அதைத் தடுத்து நிறுத்துவது வாலிலுள்ள சிறுவிசிறி. வால்விசிறி முறிந்தால் முழு ஊர்தியுமே பம்பரமாகிவிடும். இயந்திரத்தின் விசையை விசிறிக்கு ஊட்டும் பற்சக்கரப் பெட்டி, அதற்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய், எரிபொருட் கலம், ஓட்டியின் உடல் ஆகிய இவற்றுள் எதிற் சன்னம் பட்டாலும் ஆபத்தே. தாழவும் மெல்லவும் பறக்க வல்லதாகையால் அது நிலத்தை நன்கு பார்க்கிறது; அதே காரணத்தால் நிலத்தில் நிற்பவனும் அதை நன்கு பார்க்கிறான்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி இரவு, இந்தியப் படையினர் எம்.ஐ.8 ஹெலிகள் மூலம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவில் இறக்கப்பட்டனர். கீழிருந்து எழுந்த வேட்டுக்கள் ஹெலிகளைத் துளைத்தன. மேலும் ஆட்களைக் கொண்டுவரும் முயற்சி கைவிடப்பட்டது. இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிரிவின் முப்பதின்மரில் ஒருவர் மாத்திரம் உயிருடன் பிடிபட்டார், ஏனையோர் மாண்டனர். பல ஆண்டுகளின் பின் நாம் தமிழ் பயின்றதும் அதே வளவில்தான். அதன் பின்னர் இந்தியப் படை எம்.ஐ.25 என்னும் தாக்குதல் ஹெலிகளையும் இங்கே பயன்படுத்திற்று.

1995 ஏப்ரல் 28, 29ஆந் திகதிகளில் பலாலிப் பக்கத்தில் இரு அவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்து ஏவுகணைகளால் வீழ்ந்தன. தோளில் வைத்து ஏவப்பட்டு, இயந்திரத்தின் வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணை இந்நாட்டுப் போருக்குள் வந்துவிட்டது. ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஊரைவிட்டுப் பெயர்ந்தது. நாமும் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த மாதமே இலங்கை விமானப்படை எம்.ஐ.24 ஹெலிகளைப் பெற்று, அவற்றுக்கெனத் தனி அணியொன்றை ஹிங்குராங்கொடையில் அமைத்தது.

அதுவரை எம்மேற் பறந்த பெல் ரக ஹெலிகளின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. எம்.ஐ.24இலோ ஓட்டியும் சுடுபவரும் டைட்டானியத் தொட்டிக்குள், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்தனர். 12.7 மில்லிமீற்றர்ச் சன்னங்களைத் தாங்குமாறு விசிறியும் அமைக்கப்பட்டிருந்தது. 1996இல் ஊர் திரும்பிய நாம் அதன் கனத்த இரைச்சலையும் கற்றுக்கொண்டோம். ஆயினும் ஏவுகணைக்கு அக்கவசம் ஒரு பொருட்டன்று. 1997 முதல் எம்.ஐ.24களும் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின; அவற்றில் ஒன்று 2000 ஒக்டோபரில், குடாநாட்டின் கிழக்குக் கரையிலுள்ள நாகர்கோவிற் பக்கத்தில் வீழ்ந்தது.

உலகெங்கும் இதே கதைதான். வியட்நாமில் அமெரிக்கா பயன்படுத்திய ஏறக்குறைய 12,000 ஹெலிகளில் 5,000 வரையிலானவை, விபத்துக்களும் உட்பட, அழிந்தன. 2003 மார்ச்சில் ஈராக்கின் கர்பலா அருகே முப்பதுக்கு மேற்பட்ட அப்பாச்சி ஹெலிகள் இரவில் தாக்கச் சென்றன. வீடுகளுக்கிடையிலிருந்து துவக்குகளும் சிறு பீரங்கிகளும் சுட்டன. ஒன்று வீழ்ந்தது, ஏனையவற்றுட் பெரும்பாலானவை துளைபட்டுத் திரும்பின. ஆகவே, எம் மாணவனின் கேள்விக்கு விடை 'ஆம்' என்பதே.

போர்நூல்கள் இந்த 'ஆம்' உடன் நின்றுவிடுகின்றன. எத்தனை விழுந்தன, அடுத்த ஹெலிக்கு என்ன கவசம் பூட்டினர் என்று மேலே உள்ளோரின் கணக்கையே எழுதுகின்றன. கீழே நிகழ்ந்ததை அறிய வேண்டின், ஆப்கானிஸ்தானை நோக்க வேண்டும். 1986 செப்டெம்பரில் ஸ்ரிங்கர் ஏவுகணைகள் அங்கே சுடத் தொடங்கின. சோவியத் ஓட்டிகள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை; உயரம் ஏறினர். உயரம் ஏற ஏறக் குறி தவறிற்று. குறி தவறிய குண்டுகளும் எங்கேயோ விழுந்துதானே ஆகவேண்டும்? அவை விழுந்த இடங்களில் வயலும் வீடும் இருந்தன.

புத்தூரில் அன்று நிகழ்ந்ததும் அதுவே. அச்சங்கொண்ட ஹெலி தூரத்தை நாடுகிறது. தூரம் கூடக் கூட, துவக்கேந்தியவனும் மண்வெட்டி ஏந்தியவனும் அதன் கண்ணுக்கு ஒரே புள்ளியாகிவிடுகின்றனர். ஓட்டிக்குப் பின்னாளில் டைட்டானியம் கிடைத்தது. ஒழுங்கையில் நின்று சுட்டவர்களுக்கு ஓடுவதற்குக் கால்கள் இருந்தன. தோட்டத்தை விட்டு ஓட முடியாத கமக்காரருக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கவசமும் கிடைக்கவில்லை. வானத்தவரின் அச்சத்துக்கும் நிலத்தவரின் துணிவுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் அவர்.

இன்னொன்றையும் மறைக்காது எழுத வேண்டும். பின்னாளில் ஹெலி விழுந்த செய்தி வந்த போதெல்லாம் நாமும் மகிழ்ந்தவர்களே. எமது மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது; அதற்காக இன்று எவரிடமும் மன்னிப்புக் கேட்கவும் நாம் எழுதவில்லை. ஆயினும் உள்ளே எரிந்தவர்களும் தெற்கிலே எங்கோ ஒரு தாய் காத்திருந்த பிள்ளைகள் என்ற எண்ணம் எமக்கு மிகப் பிந்தியே வந்தது. அவ்வியந்திரங்களை வாங்கிய பணம் தேயிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தவர்களின் பணம் என்பதை அறிவதற்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஒரு ஹெலியின் விலைக்கு எத்தனை ஊர்களில் எத்தனை இறைப்பு இயந்திரங்கள் ஓடியிருக்கும் என்று கணக்கிடும் பழக்கத்தை எந்தப் பள்ளிக்கூடமும் எமக்குக் கற்றுத்தரவில்லை.

அடுத்த வாரம் அதே வகுப்பில் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். வால்விசிறியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அதைக் கண்டு மாணவர் மகிழ்ந்தனர். பின்னர் வெங்காயத் தோட்டத்துக் கதையைச் சொன்னோம். வகுப்பு அமைதியாயிற்று. கேள்வி கேட்ட பையன் சிறிது நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் எழுந்தான். அவனுடைய வீட்டாரும் தோட்டஞ் செய்பவர்கள்.

"சேர், அந்த மிசினை ஆர் நிப்பாட்டினது?"

முப்பது ஆண்டுகளாக எமக்குத் தோன்றாத கேள்வி. யாரும் நிறுத்தியதாக நாம் கேள்விப்படவில்லை. எண்ணெய் தீர்ந்து அது தானாகவே நின்றிருக்க வேண்டும் என்றோம். "அப்ப வெங்காயம் முழுக்க அழுகியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் அமர்ந்தான். ஹெலியைப் பற்றி அவன் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.