அண்ணாந்து குடிப்பவன்!

பசிபிக் கடலில் வனுவாட்டு நாடு. அதில் டன்னா தீவு. பி.காம். படித்த பாவத்துக்கு, அங்கே ஒரு கூட்டுறவுக் கடைக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் தொண்டு வேலை எனக்கு. லீவு போட்டு வந்து இறங்கினான் நண்பன். என் வீட்டார் அனுப்பிய தூது! காபியைக்கூட அண்ணாந்து குடிக்கிற ஆசாமி.

"இதுக்காடா நல்ல வேலையை விட்டே?"

சாயங்காலம் 'நகமால்' போனோம். ஆலமரத்தடியில் ஆண்கள் கூடும் இடம். விருந்தாளிக்கு மரியாதை, காவா. மிளகு ஜாதிச் செடியின் வேர். பழைய வழக்கப்படி பையன்கள் அதை மென்று துப்ப, தண்ணீர் விட்டுப் பிழிவார்கள். நண்பன் பார்த்துவிட்டான்! வேண்டாமென்றால் நான் ஒரு வருஷமாய்ச் சேர்த்த உறவு போச்சு. என் முகத்தைப் பார்த்தான். கொட்டாங்கச்சியை வாங்கி, ஒரே மடக்கு! நாக்கு மரத்துவிட்டது. குடித்தபின் சத்தமாகப் பேசக்கூடாது. தூரத்தில் யசூர் எரிமலை மட்டும் 'டமார்'!

அரை மணி கழித்துக் கிசுகிசுத்தான்: "வேலையை முடிச்சுட்டே வாடா. வீட்ல நான் சொல்லிக்கறேன்."