முந்தல் தாண்டும் முன் டீசல் குழாயைப் பாருங்கள்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்கிறது. டீக்கடைகளின் எதிரே ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. தூக்குச்சட்டியும் மழைக்கோட்டுமாகப் பெண்கள் ஏறி உட்காருகிறார்கள். இவர்களெல்லாம் கேரள எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். காலையில் ஏறி மாலையில் இறங்குவதுதான் இவர்களுடைய அன்றாடம்.

ஊரைத் தாண்டினால் மாந்தோப்புகளும் இலவ மரங்களும். முந்தல் சோதனைச்சாவடி வரை சாலை சமதளம்தான். அதற்கு மேல் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து மெட்டுக்குச் சுமார் 26 கிலோமீட்டர். அதற்குள் வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. கீழே புழுக்கம், மேலே போர்வை கேட்கும் குளிர்.

இந்த ஏற்றம் பழைய வண்டிக்குப் பரீட்சை. ஊருக்குள் ஒழுங்காக ஓடிய ஜீப் ஒன்று, நாலைந்து வளைவு ஏறியதும் இழுக்க மறுக்கிறது. பின்னால் இருந்து ஒரு குரல்: “தம்பி, என்னப்பா வண்டி இருமுது?”

“முந்தாநாள்தான் அக்கா டீசல் ஃபில்டர் மாத்துனேன்” என்கிறார் ஓட்டுநர். சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. கிளீனர் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கிறார்.

அந்தக் கட்டை சும்மா சடங்குக்கு அல்ல. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் என்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். என்ஜின் நின்ற பின் இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக் கல்லைப் போல இறுகிவிடும். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அதிலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம். டீசல் தடைப்படுவது வெறும் மெக்கானிக் சமாச்சாரம் அல்ல, உயிர்ச் சமாச்சாரம்.

சமதளத்தில் வராத கோளாறு ஏற்றத்தில் மட்டும் ஏன் வருகிறது? மேடு ஏறும்போது என்ஜினுக்கு இடைவிடாமல் நிறைய டீசல் வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் சமதளத்துக்குப் போதும், மேட்டுக்குப் போதாது. அடுத்தது, டேங்க் பின்பக்கம் இருக்கும் வண்டியில், மூக்கு மேலே தூக்கியதும் டேங்க் என்ஜினைவிடத் தாழ்ந்துவிடுகிறது. பம்ப் கூடுதல் உயரத்துக்கு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அப்போது குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசலுக்குப் பதில் காற்று உள்ளே போகும். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் என்பதால் அங்கே சொட்டுக்கூட வெளியே கசியாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

ஓட்டுநர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறார். மூடியின் காற்றுத் துளை மண்ணால் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றை இழுக்கும். இங்கே அந்தச் சத்தம் இல்லை. டீசலும் போதுமான அளவு இருக்கிறது. ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடிக்கிறார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். அதுவும் இல்லை.

பிறகு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் துண்டு ஒன்றை டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே செருகுகிறார். கை பிரைமரை அடித்து, ஃபில்டரின் ஏர் திருகு வழியே நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை எடுத்துவிட்டு, என்ஜினை ஓடவிடுகிறார். டியூபில் குமிழி குமிழியாக ஓடுகிறது. ஆக, காற்று டேங்க் பக்கத்திலிருந்தே வருகிறது. தடவிப் பார்த்தால் டேங்க் அருகே கிளிப் இறுக்கிய இடத்தில் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. வெடித்த முனையை வெட்டி, மீதியைச் செருகிக் கிளிப்பை இறுக்குகிறார். கண்ணாடி டியூப் டீசலில் விறைத்துப்போகும் என்பதால் சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு, மறுபடி காற்றை எடுக்கிறார். முட்டுக்கட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வண்டி கிளம்புகிறது. பின்னால் வரும் வண்டிக்கு அந்தக் கட்டை எமனாகிவிடக் கூடாதல்லவா?

கொஞ்சப் பணத்தில் முடிய வேண்டிய வேலைக்கு முதலில் புது ஃபில்டர் வாங்கியாகிவிட்டது. மூடி, டீசல் அளவு, தண்ணீர், குழாய், ஃபில்டர், கடைசியாகப் பம்ப், நாசில்: இந்த வரிசையில் பார்த்தால் காசு மிச்சம். புகையும் ஒரு சாட்சி. இழுவை குறைந்து கரும்புகை தள்ளினால் முதலில் காற்று ஃபில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் இழுவை போனால் டீசல் வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

சீல் வைத்த பம்ப்பை நாமே திருகக் கூடாது. ஓடும் என்ஜினில் நாசில் குழாயைக் கையால் தடவவும் கூடாது. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அதை வொர்க்‌ஷாப்பில்தான் திறக்க வேண்டும்.

மெட்டில் பனி கலையும் நேரத்தில் ஜீப் எல்லை தாண்டுகிறது. மாலையில் இதே வழியில் ஆட்கள் இறங்குவார்கள். தோட்டத்துக்குள் ஓடும் பிக்கப்புகள் பச்சைக் காயைச் சுமந்து ஸ்டோருக்குப் போகும். பறித்த காயை உடனுக்குடன் உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். வழியில் வண்டி படுத்துவிட்டால் நிறம் மங்கி ஏலத்தில் விலையும் இறங்கும்.

மலை வண்டிக்கு மட்டுமல்ல, காட்டில் உழும் டிராக்டருக்கும் கிணற்றடி டீசல் என்ஜினுக்கும் இதே வைத்தியம்தான். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வையுங்கள்; காலி டேங்கில்தான் இரவுக் குளிரில் ஈரம் நீராகப் படியும். ரப்பர் குழாயை மாதம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். மலைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் முந்தலுக்கு இப்பாலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே வளைவில் நின்று பார்க்க நேரமும் இருக்காது, இடமும் இருக்காது.